தோப்பு பதில்கள்: பூஞ்சைப் பொடியை எங்கே போடுவது?

சென்ற இதழில் முந்திரிக்கு எரு வைப்பது பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ‘மெட்டாரைசியம்’ என்று ஒரு பெயரைச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன. சிலர் பவேரியா வாங்கித் தெளித்து ஏமாந்த கதையை எழுதியிருக்கிறார்கள், சிலர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இரண்டுமே பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகள். சரி, இந்த மாதம் முழுக்க அவற்றுக்கே விட்டுவிடலாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (காடாம்புலியூர்): எங்கள் கொல்லையில் இருபது வயதுக்கு மேற்பட்ட முந்திரி மரங்கள். நாலைந்து மரங்களின் அடித்தூரில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது, பிசினும் வடிகிறது. ஒரு மரம் மஞ்சளாகவே போய்விட்டது. கடையில் பவேரியா பொடி கொடுத்து இலை நனையத் தெளிக்கச் சொன்னார்கள். தெளித்தும் பலன் இல்லையே, ஏன்?

பதில்: எப்படி இருக்கும் அய்யா? நீங்கள் தெளித்த இடத்தில் பூச்சி இல்லை. பூச்சி இருக்கும் இடத்துக்கு மருந்து போகவில்லை.

மரத்தூளும் பிசினும் அடித்தூரில் சேர்ந்து தெரிந்தால் அது தண்டு மற்றும் வேர்த் துளைப்பான். தாய் வண்டு செம்பழுப்பு நிறம், உணர்கொம்பு நீளமாக இருக்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள், பட்டை வெடிப்பிலும், மண்ணுக்கு மேலே தெரிகிற வேரிலும் முட்டை வைக்கும். தை, மாசியில் தொடங்கிக் கோடை முழுக்க இந்த வேலை நடக்கும். பொரித்து வரும் புழு பட்டைக்கு அடியில் நுழைந்து, சாறு ஓடுகிற திசுவைக் கோணல்மாணலாகத் தின்றுகொண்டே வேர்வரைக்கும் இறங்கும். தண்ணீர் மேலே ஏறாது, இலையில் தயாராகும் உணவு கீழே இறங்காது. மரம் மஞ்சளித்து, நுனிக் கிளை காய்ந்து, கடைசியில் மொத்தமாகச் செத்துவிடும். பூங்கொத்தைக் கருக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சி ஒரு வருட மகசூலைத்தான் கெடுக்கும். இது மரத்தையே கொண்டுபோய்விடும்.

இலையில் தெளித்த பவேரியாவுக்கும் பட்டைக்குள் இருக்கும் புழுவுக்கும் சந்திப்பே நடக்காது. பூஞ்சை வித்து பூச்சியின் உடம்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். இதைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மரங்களைப் பிரித்துப் பாருங்கள். இலை மஞ்சளாகி, அடித்தூரின் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை அரிபட்டிருந்தால் அந்த மரம் பிழைக்காது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு வேரோடு எடுத்துவிடுங்கள். எடுத்த கட்டையைக் கொல்லை ஓரத்தில் அடுக்கி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் புழு அங்கேயே சுண்ணாம்பு ஓடு மாதிரி ஒரு கூடு கட்டி, வண்டாகி வெளியே வந்து பக்கத்து மரத்துக்குப் போகும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தில் முந்திரியைச் சாய்த்தபோது, விலை வரட்டும் என்று கட்டையை மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்த கொல்லைகளில், தப்பித்து நின்ற மரங்களும் பிறகு துளைப்பானுக்குப் பலியானதைப் பார்த்தேன். புயல் விட்டதைப் புழு தின்றது.

இப்போதுதான் தூள் கொட்ட ஆரம்பித்திருக்கும் மரங்களைக் காப்பாற்றலாம். உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு, தூள் வரும் இடத்திலிருந்து தடத்தைப் பிடித்துச் செதுக்கிப் போனால் புழு கிடைக்கும். உயிருள்ள பட்டையை அநாவசியமாக வெட்ட வேண்டாம். அவசரக்காரர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள். எங்கள் கொல்லையில் இதைச் செய்யும் அம்மா ஒருவர், தூள் ஈரமாகப் புதிதாக இருக்கிறதா, காய்ந்து பழசாகிவிட்டதா என்று விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உளியையே எடுப்பார். புதுத் தூள் என்றால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். செதுக்கிய இடத்திலும் அடித்தண்டிலும் ஒரு மீட்டர் உயரம்வரை 5 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூசுங்கள். தாரும் மண்ணெண்ணெயும் 1:2 பங்கில் கலந்து பூசுவதும் பழைய பரிந்துரைதான், ஆனால் இப்போது மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது?

பூஞ்சையின் முறை இதற்குப் பிறகுதான் வரும். மரம் ஒன்றுக்கு 250 கிராம் மெட்டாரைசியம் பூஞ்சை வித்தை 500 கிராம் வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து, தூரைச் சுற்றி மண்ணில் இட வேண்டும். நான் அதோடு ஒரு கூடை மக்கிய எருவும் சேர்ப்பேன். மண்ணை லேசாகக் கொத்தி, கலவையைப் போட்டு மூடி, மேலே முந்திரிச் சருகை அள்ளிப் பரப்பிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கி மண் நனைந்த பிறகு செய்தால் நல்லது. சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண்ணில் போட்டால் காசுக்குப் பிடித்த கேடு. மண்ணிலும் தூரிலும் உயிரோடு காத்திருக்கும் பூஞ்சை, புதிதாகப் பொரித்து வேருக்கு இறங்கும் புழுவையும், வெளியே வரும் வண்டையும் தொடும். ஏற்கெனவே மரத்துக்குள் ஆழமாகப் போய்விட்ட புழுவை அது தேடிப் போய்க் கொல்லாது. அதற்கு உளிதான்.

கேள்வி (ஆண்டிமடம், வாசகி): பூஞ்சை என்றால் நோய்தானே? அந்தப் பொடியைக் கையில் எடுத்து வேலை செய்யும் எங்களுக்கோ, கொல்லையில் மேயும் ஆட்டுக்கோ ஒன்றும் ஆகாதா? இது பூச்சியை எப்படித்தான் கொல்கிறது?

பதில்: நியாயமான கேள்வி அம்மா. நோய்தான், ஆனால் பூச்சிக்கு வரும் நோய்.

பூஞ்சையின் வித்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பூச்சியின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் கிடைத்தால் முளைவிடும். முளைத்ததும் தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, அழுத்தி ஓட்டை போட்டு உள்ளே நுழையும். பூச்சியின் உடல் திரவத்தில் பெருகி, நஞ்சையும் விடும். பூச்சி முதலில் தீனி எடுப்பதைக் குறைக்கும், அப்புறம் மந்தமாகும், மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் சாகும். பெரிய புழுவாக இருந்தால் இன்னும் தாமதமாகும். செத்த உடம்பிலிருந்து பூஞ்சை மறுபடி வெளியே வந்து வித்துக்களைக் கொட்டும். பவேரியா என்றால் உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூத்திருக்கும். மெட்டாரைசியம் என்றால் முதலில் வெள்ளை, பிறகு பாசிப் பச்சை.

பூச்சி இதைத் தின்ன வேண்டியதில்லை, பட்டாலே போதும். பாக்டீரியா மருந்துகள் பலவற்றை இலையோடு சேர்த்துத் தின்றால்தான் புழு சாகும். சாறு உறிஞ்சும் பூச்சி இலையைத் தின்னாது, அதனால் அந்த மருந்தில் தப்பித்துவிடும். பூஞ்சையிடம் அந்தத் தப்பித்தல் செல்லாது.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பும் இல்லை. இத்தாலியில் லோடி என்ற ஊர்ப் பக்கம் அகஸ்தினோ பாசி என்பவர், பட்டுப்புழுக்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துச் சாவதற்கு ஒரு பூஞ்சைதான் காரணம் என்று 1835இல் நிரூபித்தார். நுண்ணுயிரியால் ஒரு பிராணிக்கு நோய் வருகிறது என்பதற்கு உலகத்தில் கிடைத்த முதல் ஆதாரங்களில் அது ஒன்று. பவேரியா பேசியானா என்ற பெயரின் பின்பாதி அவர் பெயரிலிருந்து வந்ததுதான். 1879இல் ஒடெசாவில் மெச்னிகாவ் என்ற அறிஞர், கோதுமையைத் தின்னும் வண்டின் மேல் பச்சைப் பூஞ்சையைப் பார்த்து, இதையே வளர்த்து வயலில் விட்டால் என்ன என்று யோசித்தார். அதுதான் இன்றைய மெட்டாரைசியம். அவருக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது வேறொரு ஆய்வுக்கு, நோய் எதிர்ப்புச் சக்தி பற்றியது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். இந்தப் பூஞ்சைகளுக்கு 20 முதல் 30 டிகிரி வெப்பம்தான் சுகம். நம் உடம்புச் சூடும் ஆட்டின் உடம்புச் சூடும் அதற்குக் கூடுதல், அதனால் நம்மைப் பிடிப்பது மிக மிக அரிது. ஆனால் எந்தத் தூளாக இருந்தாலும் மூச்சில் போனால் தும்மல், ஒவ்வாமை வரும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள், வேலை முடிந்ததும் கைகால் கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், பெரிய நோய்க்கு மருந்து எடுத்து உடம்பு தளர்ந்தவர்களும் இந்தப் பொடியைக் கலக்கும் வேலைக்கு வர வேண்டாம். ‘இயற்கை மருந்துதானே’ என்று வெறுங்கையால் அள்ளிக் காற்றில் வீசுவதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி (ஆனைமலை): இளந்தென்னையில் காண்டாமிருக வண்டு குருத்தைக் குத்திக் குத்தி, விரியும் மட்டையெல்லாம் கத்தரியால் வெட்டியதுபோல் இருக்கிறது. மெட்டாரைசியம் பொடியைக் கொண்டையில் தூவலாமா?

பதில்: தூவலாம், ஆனால் வீண். வண்டு கொண்டைக்குச் சாப்பிட மட்டும்தான் வருகிறது. அது பிறந்து வளர்ந்த இடம் உங்கள் எருக்குழி.

தாய் வண்டு முட்டை வைப்பது மக்கும் பொருளில்தான். எருக்குப்பை, மட்கிய தென்னைக் கட்டை, தூர் வெட்டாமல் விட்ட பட்ட மரம் என்று எதையும் விடாது. வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, மண்வெட்டியால் எருவைப் புரட்டும்போது நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். மாதக்கணக்கில் அங்கேதான் இருக்கும். இருட்டு, ஈரம், மிதமான சூடு, வெயில் படாத இடம். பூஞ்சைக்கு வேண்டியதும் அச்சாக இதேதான். பூஞ்சையால் பூச்சியைப் பிடிக்க இதைவிடத் தோதான இடம் ஒரு தோப்பில் வேறு கிடையாது. இருந்தும் நம் ஆட்கள் ஏணி வைத்துக் கொண்டைக்கு ஏறுகிறார்கள்!

காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் அளவு, ஒரு கனமீட்டர் எருவுக்கு 50,000 கோடி வித்து. கேட்டால் தலை சுற்றும், ஆனால் கணக்கு சுலபம். கடையில் விற்கும் பொடியில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி வித்து இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒரு கனமீட்டருக்கு 5 கிலோ பொடி. ஒரு கிலோ பாக்கெட்டை வாங்கி ஒரு லாரி எருவில் தூவிவிட்டு, ‘மெட்டாரைசியம் வேலை செய்யவில்லை’ என்று எழுதியிருக்கும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அரிசியில் புதிதாக வளர்த்த பூஞ்சையில் கிராமுக்கு வித்து இதைவிட அதிகம் இருக்கும், அதனால் அளவும் குறையும். வாங்குமிடத்தில் வித்து எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் கரைத்து, குழியை அடுக்கடுக்காகப் புரட்டி, ஒவ்வொரு அடுக்கிலும் ஊற்றுங்கள். மேலோடு தெளித்தால் அடியில் இருக்கும் புழுவுக்குச் சேதி போகாது. எரு பிழிந்தால் சொட்டக் கூடாது, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், அந்த ஈரம் போதும். புதுச் சாணி கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது போடாதீர்கள், பூஞ்சை வெந்துவிடும். சூடு தணிந்த பிறகு போடுங்கள்.

குழியைச் சரி செய்த அன்றே வண்டு நின்றுவிடாது. பக்கத்துத் தோப்பு எருக்குழியிலிருந்து பறந்து வரும் வண்டுக்கு உங்கள் பூஞ்சையைத் தெரியாது. அதனால் முடிந்தால் நாலு தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்யுங்கள். கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் பெண்கள் குழுக்களே அரிசியில் இந்தப் பூஞ்சையை வளர்த்து, ஊர் முழுக்க எருக்குழிகளில் இட்டிருக்கிறார்கள். அதுவரை குருத்தில் இருக்கும் வண்டைக் கம்பியால் குத்தி எடுங்கள், மட்டை இடுக்கில் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து வையுங்கள்.

ஒரு மாதம் கழித்துக் குழியைக் கிளறினால் பலன் கண்ணுக்குத் தெரியும். விறைத்து, கெட்டியாகி, மேலே பச்சை பூத்த புழு என்றால் மெட்டாரைசியம் பிடித்தது. அதைத் தூக்கி எறியாதீர்கள், நசுக்கி எருவிலேயே கலந்துவிடுங்கள், அதில் இருப்பதெல்லாம் வித்து. கறுத்து, கூழாகி, நாற்றமடித்தால் அது வேறு காரணத்தால் செத்தது. அதைக் காட்டி யாராவது ‘எங்கள் மருந்து வேலை செய்கிறது’ என்றால் நம்ப வேண்டாம்.

கேள்வி (உடுமலைப்பேட்டை): தென்னைக்குப் பக்கத்திலேயே மல்பெரி வைத்திருக்கிறோம், பட்டுப்புழு மனையும் இருக்கிறது. பவேரியா தெளிக்கலாமா?

பதில்: கூடாது. மேலே அகஸ்தினோ பாசியின் கதையைப் படித்திருப்பீர்களே, பவேரியா முதலில் அடையாளம் காணப்பட்டதே பட்டுப்புழுவைக் கொல்லும் நோயாகத்தான். மெட்டாரைசியமும் பட்டுப்புழுவுக்கு ஆகாது. நீங்கள் தெளிக்காமல் இருப்பது மட்டும் போதாது. பக்கத்துத் தோப்புக்காரரிடமும் சொல்லி வையுங்கள். எருக்குழியில் கை வைத்தவர்கள் அதே உடையோடு புழு மனைக்குள் போக வேண்டாம். உங்களுக்கு வண்டுக்குக் கவர்ச்சிப் பொறியும் கம்பியும்தான்.

கேள்வி (ஆலங்குடி): கடையில் வாங்கும் பாக்கெட் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கிலோ வாங்கி, வெல்லமும் அரிசிக் கஞ்சியும் போட்டு டிரம்மில் ஊறவைத்தால் 200 லிட்டராகப் பெருகும் என்கிறார்களே?

பதில்: இந்தக் கேள்வி ஒன்றையே பலர் கேட்டிருக்கிறீர்கள்.

பாக்கெட்டில் முதலில் பாருங்கள்: பூஞ்சையின் முழுப் பெயர், ஒரு கிராமுக்கு எத்தனை வித்து, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண். பூச்சியைக் கொல்ல விற்கப்படும் உயிர் மருந்துக்கும் அந்தப் பதிவு கட்டாயம். ‘உயிர் சக்தி’, ‘எல்லாப் பூச்சிக்கும் ஒரே தீர்வு’ என்று மட்டும் போட்டு, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். தயாரித்து ஒரு மாதம் ஆன பாக்கெட்டுக்கும் ஆறு மாதம் ஆன பாக்கெட்டுக்கும் ஒரே விலைதான் போடுவார்கள், ஆனால் உள்ளே உயிரோடு இருக்கும் வித்து ஒன்றாக இருக்காது. அதிலும் கடை வாசலில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தால் தேதியைப் பார்க்கவே தேவையில்லை. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் தகரக் கூரைக்கு நேர் கீழே பவேரியாவை அடுக்கி வைத்திருந்தார்கள். மத்தியானம் கை வைத்தால் பாக்கெட் சுடுகிறது. கேட்டால், ‘மருந்துதானே சார், கெட்டா போகும்?’ என்றார். அவருக்கு அது மருந்து. உள்ளே இருப்பது உயிர்.

வாங்கியதை நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பிரிட்ஜில் வைப்பவர்கள் ஒரு டப்பாவில் போட்டு, மேலே பெரிதாக எழுதி, சாப்பாட்டுப் பொருளுக்குத் தனியாக வையுங்கள். இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்து என் வீட்டில் நடந்த விசாரணையை இங்கே எழுதினால் பத்தி நீண்டுவிடும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எருக்குழியிலிருந்து சில புழுக்களை எடுத்து, பாதியை மெட்டாரைசியம் பொடியில் புரட்டி ஒரு மண்சட்டியில் ஈர எருவோடு விடுங்கள். மீதியைப் பொடி இல்லாமல் இன்னொரு சட்டியில் விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முதல் சட்டியில் பச்சை பூத்த புழு வந்தால் பாக்கெட்டில் உயிர் இருக்கிறது. இரண்டாவது சட்டி ஏன் என்று கேட்காதீர்கள். சும்மாவே சாகும் புழுக்களும் உண்டு, அந்தச் சாவையெல்லாம் பொடியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

வெல்ல டிரம் விஷயத்துக்கு வருவோம். ஒரு ஸ்பூன் மோரில் ஒரு பானை பால் உறைகிறதே, அதே மாதிரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பாலைக் காய்ச்சித்தான் உறை ஊற்றுகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். திறந்த டிரம்மில், கிணற்றுத் தண்ணீரில், வெல்லத்தைக் கண்டால் முதலில் பெருகுவது ஈஸ்டும் பாக்டீரியாவும்தான். பவேரியாவும் மெட்டாரைசியமும் மெதுவாக வளர்பவை, அந்தப் பந்தயத்தில் தோற்றுவிடும். மூன்றாம் நாள் நுரை பொங்கும், புளித்த வாடை வரும், ‘ஆஹா, பெருகிவிட்டது’ என்று எடுத்துத் தெளிப்பீர்கள். பெருகியது வேறு ஆள்.

வீட்டிலேயே வளர்க்க வேண்டுமென்றால் அரைவேக்காட்டு அரிசிதான் வழி. அரிசியைப் பருக்கை ஒட்டாத அளவு வேகவைத்து வடித்து, சூடு தாங்கும் பாலிப்ரொப்பிலின் பையில் கொஞ்சமாகப் போட்டு, வாயில் பஞ்சு வைத்து அடைத்து, ஆவியில் நன்றாக வேகவைத்துக் கிருமி நீக்க வேண்டும். ஆறிய பிறகு, காற்று அடிக்காத அறையில், விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் வைத்து நல்ல தாய் வித்தைச் சேர்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பருக்கையெல்லாம் வெள்ளையாகி, மெட்டாரைசியம் என்றால் பச்சையாகிவிடும். கறுப்போ, ஆரஞ்சோ, மஞ்சளோ தெரிந்த பையைத் திறக்காமல் அப்படியே புதைத்துவிடுங்கள். தாய் வித்தை வேளாண் பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குங்கள். பழைய பையிலிருந்து புதுப் பை, அதிலிருந்து இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தால் பூஞ்சை அரிசியில் நன்றாக வளரும், ஆனால் பூச்சியைப் பிடிக்கும் வீரியம் குறைந்துவிடும்.

கேள்வி (ஜெயங்கொண்டம்): முந்திரி பூக்கும்போது தேயிலைக் கொசு வந்து பூங்கொத்தையே கருக்கிவிடுகிறது. ரசாயனம் அடித்தால் தேனீ வருவதில்லை. பவேரியா கைகொடுக்குமா?

பதில்: பாதி கைகொடுக்கும். முழுதாக நம்பி இருக்காதீர்கள்.

இது கொசு இல்லை, நாவாய்ப்பூச்சி இனம். இளந்துளிர், பூங்காம்பு, பிஞ்சுக் கொட்டை எல்லாவற்றிலும் ஊசி போல வாயைக் குத்தி உறிஞ்சும். உறிஞ்சும்போது விடும் எச்சில் நஞ்சு, அதனால்தான் குத்திய இடம் கருத்து, கொத்தே காய்ந்துவிடுகிறது. ஒரு பூச்சி ஒரே இடத்தில் நிற்காமல் கொத்துக்குக் கொத்து தாவுவதால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலே சேதம் பெரிதாகத் தெரியும். பூஞ்சை பட்டு அது சாகச் சில நாள் ஆகும், அதுவரை குத்திக்கொண்டுதான் இருக்கும். அடுத்தது ஈரம். எருக்குழியில் இருக்கும் ஈரம் மரத்தின் உச்சியில் கிடையாது, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் வித்தைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும்.

நமக்கு இருக்கும் ஒரே சாதகம் மார்கழி, தைப் பனி. துளிர் விட்டுப் பூ எடுக்கும் அந்தக் காலத்தில் ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடக்கும். அதனால் பூ கருகிய பிறகு தெளிக்காமல், துளிரில் முதல் குத்துக் காயம் தெரிந்ததுமே, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, லிட்டருக்கு 5 கிராம் பவேரியாவோடு கொஞ்சம் காதிசோப்புக் கரைசல் சேர்த்துத் தெளியுங்கள். பொடியை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிவிட்டு டேங்கில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நாசில் அடைக்கும். பத்து நாள் கழித்து மறுமுறை. சாயங்காலம் தேனீக்களும் வீடு திரும்பியிருக்கும். மாசி பிறந்து பனி நின்றுவிட்டால் பவேரியாவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

கொல்லை ஓரத்து வேம்பையும் கொய்யாவையும் பாருங்கள், இந்தப் பூச்சி அங்கேயும் தங்கும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு (முசுறு என்பார்கள்) உங்கள் மரங்களில் இருந்தால் கடிக்கிறது என்று கொளுத்திவிடாதீர்கள். தேயிலைக் கொசுவை அது விரட்டும் வேகத்துக்கு எந்தப் பொடியும் ஈடில்லை. கொட்டை பொறுக்க வரும் பெண்கள் என்னைத் திட்டுவார்கள், தெரிந்தே எழுதுகிறேன். சேதம் கை மீறிப் போனால் வேளாண் அலுவலரைக் கேட்டு ரசாயனத்துக்குப் போவதில் தவறில்லை.

கேள்வி (பொள்ளாச்சி): தென்னையில் வரும் சுருள் வெள்ளை ஈக்கும் பூஞ்சை உண்டாமே? டிரைக்கோடெர்மா எங்களிடம் நிறைய இருக்கிறது, அதையே தெளிக்கலாமா?

பதில்: டிரைக்கோடெர்மா விரிடி பயிர் நோய்ப் பூஞ்சைகளுக்கு எதிரி, பூச்சிக்கு அல்ல. அது மற்ற பூஞ்சைகளை ஒடுக்கும் குணம் கொண்டது, அதனால் மெட்டாரைசியம் போட்ட இடத்தில் அதையும் சேர்த்துப் போடாதீர்கள். போர்டோ கலவை, கார்பன்டசிம், கந்தகம் போன்ற பூஞ்சைக்கொல்லிகளைத் தெளித்த கையோடும் மெட்டாரைசியம், பவேரியா வேண்டாம், அந்த டேங்கையும் நன்றாகக் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் ஊரில் 2016இல் தலைகாட்டிய அந்த வெள்ளை ஈக்கு, பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சிகள் வளங்கள் நிறுவனம் ஐசேரியா பியூமோசோரோசியா என்ற பூஞ்சையின் ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது. லிட்டருக்கு 5 கிராம், இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். ஆனால் என்கார்சியா என்ற குட்டிக் குளவி உங்கள் தோப்பில் ஏற்கெனவே இருந்தால் அதைக் கெடுக்காமல் இருப்பதே பாதி வேலை. ரசாயனம் அடித்தால் முதலில் சாவது அதுதான். கரும்பூசணம் படிந்த மட்டைக்கு மைதா மாவைக் கூழாகக் காய்ச்சி, லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும்.

கேள்வி (அட்லாண்டாவிலிருந்து, சொந்த ஊர் பண்ருட்டி): மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். தோட்டத்தில் இரண்டு பீக்கன் மரங்கள். கொட்டையை உடைத்தால் உள்ளே வெள்ளைப் புழு, ஓட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. அடுத்த முறை வரும்போது ஊரிலிருந்து பவேரியா எடுத்து வரலாமா?

பதில்: முந்திரி ஊர்க்காரர் பீக்கனையும் விடவில்லை! அது பீக்கன் கூன்வண்டின் புழு. கொட்டைக்குள் பருப்பைத் தின்று முடித்து, வட்ட ஓட்டை போட்டு வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒன்றிரண்டு வருடம் மண்ணிலேயே இருந்துவிட்டு, கோடை முடியும் நேரத்தில் வண்டாக மேலே வந்து, பெரும்பாலும் தண்டு வழியாக மரத்தை அடையும். நீங்கள் இருக்கும் ஜார்ஜியா மாநிலத்திலேயே பைரன் என்ற ஊரில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் இருக்கிறது. வண்டு வெளியே வரும் காலத்தில் தண்டிலும் தூர் மண்ணிலும் பவேரியாவை இட்டு அங்கே ஆய்வு செய்திருக்கிறார்கள். நம் முந்திரித் துளைப்பானுக்குத் தூரில் போடுகிறோமே, அதே யோசனைதான்.

இரண்டு மரத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். முன்கூட்டியே உதிரும் கொட்டைகளை அன்றன்றைக்குப் பொறுக்கி, புழு மண்ணில் இறங்குவதற்குள் அழித்துவிடுங்கள். மருந்து வேண்டுமென்றால் அங்கேயே பதிவு பெற்ற பவேரியா கிடைக்கும். இங்கிருந்து பாக்கெட் கொண்டுபோகாதீர்கள். உயிருள்ள நுண்ணுயிரியை அனுமதி இல்லாமல் கொண்டுவருவது அந்த நாட்டில் சட்ட விரோதம். வறுத்த முந்திரிப் பருப்பு எடுத்துப் போங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.